கிண்டர்டைக் காற்றாலைகள்: டிக்கெட் எடுக்கலாமா, கரையோடு நடந்தாலே போதுமா?

நெதர்லாந்தில், ரோட்டர்டாமுக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், லெக் ஆறும் நோர்ட் ஆறும் சேருமிடத்தில் இருக்கிற சின்ன ஊர் கிண்டர்டைக். 19 பழைய காற்றாலைகள் இருக்கின்றன. 1997 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. போய்வந்தவர்களில் சிலர் “படத்தில் பார்த்ததுதான், அரை மணியில் முடிந்துவிட்டது” என்பார்கள். சிலருக்கு ஒரு நாள் முழுக்க இருந்தும் போதவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். முதல் நாலு காற்றாலைகளைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் அரை மணி தாராளம். இது அழகுக்காகக் கட்டிய இடம் இல்லை, தண்ணீரைப் படிப்படியாக மேலேற்றி ஆற்றில் தள்ளுகிற ஒரே பெரிய இயந்திரம் என்று தெரிந்துகொண்டு நடந்தால், ஒவ்வொரு கரையும் கதவும் நின்று பார்க்க வைக்கும்.

முதலில் காசு விஷயம். காற்றாலைகளுக்கு நடுவே போகும் பாதை பொதுப்பாதை. நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ டிக்கெட் வேண்டாம். பெரியவர்களுக்கான டிக்கெட் 20 யூரோவை ஒட்டி இருக்கும். அதில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் இரண்டு காற்றாலைகள், விஸ்போம் என்ற பழைய இறைப்பு நிலையம், இடையிடையே ஏறி இறங்கிக்கொள்ளும் படகு எல்லாம் அடக்கம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தால் எடுங்கள், கொடுத்த காசு வீண்போகாது. நேரம் குறைவு, படம் எடுத்தால் போதும் என்றால் டிக்கெட் வேண்டாம். வெளியே நடந்தாலே 19 காற்றாலைகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம்.

இந்தப் பகுதியின் பெயர் அல்பிளாசர்வார்ட். சுற்றிலும் ஆறுகள், நடுவே தாழ்ந்த நிலம். இங்கே மண் பீட் என்ற கரிமச் சேற்று மண். அதிலிருந்து நீரை வடித்தால் மண்ணுக்குள் காற்று புகும், மக்கும், சுருங்கும், நிலம் இறங்கும். நிலம் இறங்கினால் மறுபடி நீர் தேங்கும். மறுபடி வடித்தால் மேலும் இறங்கும். இன்னொரு பக்கம் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து போட்டுத் தங்கள் படுகையைத் தாங்களே உயர்த்திக்கொண்டிருந்தன. விவசாயம் செய்ய நிலத்தை உலர்த்தியவர்கள், தாங்கள் வாழும் நிலத்தை ஆற்றுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். கிண்டர்டைக்கில் இருக்கிற அத்தனைக்கும் காரணம் இதுதான்.

கரைகளைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டால் எங்காவது ஒருவர் அசட்டையாக இருந்தாலும் எல்லோர் நிலமும் மூழ்கும். அதனால் 1277ல் ஹாலந்துக் கோமகன் ஐந்தாம் ஃபுளோரிஸ் இந்தப் பகுதியின் நிலக்காரர்களை ஒரே நீர் வாரியத்தின் கீழ் சேர்த்தார். 1360களில் உள்நாட்டு நீரை வடமேற்கு மூலைக்கு, அதாவது இன்றைய கிண்டர்டைக்குக் கொண்டுவர நீண்ட வாய்க்கால்களை வெட்டினார்கள். அந்த மூலையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அங்கே லெக் ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் தெரியும். வற்றம் வரும்போது ஆற்று மட்டம் இறங்கும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்தால் நீர் தானாகவே வெளியே ஓடிவிடும்.

1421 நவம்பர் 18 இரவும் மறுநாளும் வந்த புனித எலிசபெத் வெள்ளம் பக்கத்து குரோட்டே வார்ட் பகுதியை விழுங்கியது. வெள்ளத்தில் மிதந்து வந்த தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கியதாகவும், ஒரு பூனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித் தொட்டில் கவிழாமல் காத்ததாகவும் இங்கே கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. கதையைக் கடையிலும் பலகையிலும் எப்படியும் பார்ப்பீர்கள், அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

நிலம் இறங்க இறங்க, வற்றத்தை மட்டும் நம்பியிருக்க முடியாமல் போனது. ஆற்றை விடத் தாழ்ந்த வாய்க்காலிலிருந்து நீர் எப்படி வெளியே போகும்? அதற்கு விடையாகத்தான் காற்றாலைகள் வந்தன. ஆனால் அவை நீரை நேராக ஆற்றில் கொட்டவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் மற்ற எதுவுமே புரியாது. ஏற்பாடு இரண்டு படிகளாக இருந்தது. வயல்களின் நீரைப் போல்டர்களிலிருந்த (கரை கட்டி நீர் வடித்த தாழ்நிலங்களிலிருந்த) சிறிய காற்றாலைகள் கீழ்த் தேக்க வாய்க்காலுக்கு ஏற்றின. கிண்டர்டைக்கில் வரிசையாக நிற்கும் பெரிய காற்றாலைகள் அந்த நீரை மேல்த் தேக்க வாய்க்காலுக்கு ஏற்றின. மேல்த் தேக்கத்தில் நீர் காத்திருக்கும். ஆற்று மட்டம் அதை விடத் தாழும்போது மதகு திறக்கும். இரண்டு படி ஏன்? நீரிறைக்கும் சக்கரம் சுமார் ஒன்றரை மீட்டருக்கு மேல் நன்றாக ஏற்றாது. அதற்கு மேல் ஏற்ற வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். எடை கூடும், காற்றின் பலம் போதாது.

காற்றாலைகள் இரண்டு வரிசைகளாக எதிரெதிரே நிற்பதைப் பார்ப்பீர்கள். அவற்றைக் கட்டியவை இரண்டு தனித்தனி உள்ளூர் வாரியங்கள். நெடர்வார்ட் வாரியம் 1738ல் 8 காற்றாலைகளைக் கட்டியது. அவை செங்கல்லில் கட்டிய உருண்டையான ஆலைகள். ஓவர்வார்ட் வாரியம் 1740ல் தன் 8 ஆலைகளைக் கட்டியது. அவை எண்கோண வடிவம், நாணற்கூரை போர்த்தியவை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதையில் எங்கே நின்றாலும் எந்த வாரியத்தின் நீரைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிடலாம். மீதி மூன்றில் இரண்டு நியூ-லெக்கர்லாண்ட் போல்டருக்கு உரியவை, 1740லும் 1761லும் கட்டப்பட்டவை. மூன்றாவது பிளோக்வேர். அது கடைசியில் தனியாக நிற்கிறது, அதைப் பற்றிப் பிறகு.

நுழைவாயிலில் 2019ல் திறந்த பார்வையாளர் மையம் இருக்கிறது. கூரை மேல் ஏறினால் காற்றாலை வரிசை முழுக்கத் தெரியும். அங்கிருந்து நேராகக் காற்றாலைகளுக்கு ஓடாமல் முதலில் விஸ்போமுக்குள் போங்கள். 1868ல் நீராவி இறைப்பு நிலையமாகக் கட்டப்பட்டது, 1924ல் மின்சாரத்துக்கு மாறியது, 1995ல் ஓய்வு பெற்றது. உள்ளே ஊரின் கதையைப் படமாகக் காட்டுகிறார்கள், இயந்திரங்களும் இருக்கின்றன. பலர் இதைக் கடைசிக்கு வைத்து, நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் பார்த்தால் வெளியே நடக்கும்போது எது கீழ்த் தேக்கம், எது மேல்த் தேக்கம் என்று கண்ணுக்குப் பிடிபடும்.

நீராவி ஏன் வந்தது என்பதும் அங்கேதான் விளங்கும். காற்றாலைகளுக்கு இரண்டு பலவீனங்கள். காற்று இல்லாத நாட்களில் எதுவும் நடக்காது. இது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவதுதான் பெரிய தலைவலி. மழைக்காலத்தில் காற்று நன்றாக அடிக்கும், வயலில் நீர் நிற்கும், ஆனால் ஆறும் பெருகியிருக்கும், மதகைத் திறக்க முடியாது. மேல்த் தேக்கம் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் இறைக்கக் கூடாது, இறைத்தால் தேக்கத்தின் கரையே உடையும். ஆக, மிகவும் தேவைப்படும் நேரத்தில் காற்றிருந்தும் ஆலைகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நீராவி இயந்திரம் ஆறு உயர்ந்திருக்கும்போதும் நீரை அழுத்தித் தள்ளியது. அப்படியும் ஆலைகளை இடித்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் கிடைக்காதபோது இவையே மறுபடி நீர் இறைத்தன.

இன்றைக்கு வேலையைச் செய்வது நுழைவாயில் பக்கத்திலேயே இருக்கிற யே. யூ. ஸ்மிட் நிலையம். 1972ல் வந்தது. மூன்று பிரம்மாண்டமான ஆர்க்கிமிடீஸ் திருகுகள் சாய்வாகப் படுத்திருக்கும். பஸ்ஸில் இறங்கியவுடன் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தும் பெரும்பாலானவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், திருகு சுற்றும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. மெதுவாகச் சுற்றும், இலை தழை வந்தாலும் எளிதில் அடைத்துக்கொள்ளாது, கீழே உள்ள நீரை அப்படியே வாரி மேலே விடும். 1738ல் கட்டிய சக்கரம் செய்த வேலையேதான், அளவு மட்டும் வேறு.

இனி காற்றாலைக்குள். நெடர்வார்ட் வரிசையில் 1738ஐச் சேர்ந்த ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளம் முழுக்கக் குடித்தனம். சுவரோடு பதித்த கட்டில்-அலமாரி, அடுப்பு, சாப்பாட்டு மேசை, இவற்றுக்கு நடுவே ஆலையின் செங்குத்துத் தண்டு. மேலே போகப் போகத் தளம் குறுகும், படி செங்குத்தாகி ஏணியாகவே ஆகிவிடும். இறங்கும்போது ஏணியைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் கீழ்த்தளத்தோடு நிற்பது நல்லது. தள்ளுவண்டி, சக்கர நாற்காலி எதுவும் மேலே போகாது.

மேல் தளத்தில் பார்க்க வேண்டியது மரப் பற்சக்கரங்கள். இறக்கைகளைத் தாங்கும் தண்டில் பெரிய பல்சக்கரம், அதன் பற்கள் செங்குத்துத் தண்டின் சிறு சக்கரத்தைப் பிடிக்கும். கீழே இன்னொரு ஜோடி, கடைசியில் நீர்ச்சக்கரம். பற்கள் தனித்தனி மரத்துண்டுகள். உடைந்தால் ஒன்றை மட்டும் பிடுங்கி மாற்றலாம், சக்கரம் தப்பிக்கும். உராய்வைக் குறைக்கத் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் பூசுவார்கள். பெரிய சக்கரத்தைச் சுற்றி மரக்கட்டைகளால் ஆன வளையம் ஒன்று தெரியும், அதுதான் பிரேக். கயிறு ஒன்று அதைக் கட்டுப்படுத்துகிறது. புயல் காற்றில் இறக்கைகளின் பாய்த்துணியைச் சுருட்டாமல் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால், மரம் மரத்தோடு உரசிச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். நாணற்கூரை உள்ள ஆலையில் அந்தத் தீயை அணைக்க முடியாது. அதனால்தான் நல்ல ஆலைக்காரர் மேகத்தைப் பார்த்தே முன்கூட்டி நிறுத்துவார்.

வெளியே வந்தால் இறக்கைகளைக் கவனியுங்கள். ஒரு முனையிலிருந்து எதிர் முனைக்கு ஏறத்தாழ 28 மீட்டர். கீழ் முனை தரையைத் தொடுவதுபோல் வந்துபோகும், இடைவெளி ஓர் அடி அளவுதான். ஒவ்வொரு இறக்கையும் மரச் சட்டகம், அதன் மேல் பாய்த்துணி. காற்று மெதுவாக இருந்தால் துணி முழுக்க விரிக்கப்பட்டிருக்கும், பலமாக அடித்தால் பாதி சுருட்டியிருக்கும், புயலில் வெறும் சட்டகம் மட்டும் சுற்றும். துணியைப் பார்த்தே அன்றைய காற்றைச் சொல்லலாம். வேகத்தை அளக்க எளிய வழி உண்டு, ஆலைக்காரர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். கீழ்ப்புள்ளியை ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கை முனைகள் கடக்கின்றன என்று எண்ணுங்கள், நாலால் வகுங்கள். 80 முனை என்றால் நிமிடத்துக்கு 20 சுற்று. அந்த வேகத்தில் முனை மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. வேலிக்கு உள்ளே போகாதீர்கள் என்று எச்சரிக்கும் பலகைகளுக்குக் காரணம் இதுதான். அடுத்த இறக்கை வருவதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. இந்த ஆலைகளுக்கு எதிரெதிரே இரண்டு வாசல்கள் இருப்பதும் இதனாலேதான். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாசலாவது இறக்கைக்கு மறைவில் இருக்க வேண்டும்.

காற்றுக்கு எதிராக ஆலையைத் திருப்புவது பின்பக்க வாலும் அதன் அடியில் இருக்கும் கைச்சக்கரமும். சங்கிலியைத் தரையில் உள்ள தூணில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் மேல்தொப்பி மட்டும் திரும்பும். காற்று ஆலையின் முதுகுப்பக்கம் வந்துவிட்டால் ஆபத்து. எல்லாமே முன்பக்கக் காற்றைத் தாங்கத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பின்னாலிருந்து அடித்தால் இறக்கையும் தொப்பியும் சேர்ந்தே கழன்று விழ வாய்ப்புண்டு.

நீர்ச்சக்கரத்தின் வெளிப்புறத்தில் ஒரு மரக்கதவு உண்டு, பலகையில் விளக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைத் தேடிப் பாருங்கள். சக்கரம் நீரைத் தள்ளும்போது அந்தத் தள்ளலில் கதவு திறக்கும். சக்கரம் நின்றதும் மேல்த் தேக்கத்தின் நீர் திரும்பி வரப் பார்க்கும், அந்த அழுத்தமே கதவைச் சாத்திவிடும். ஆள் வேண்டாம், கயிறு வேண்டாம். ஏற்றிய நீர் இறங்காமல் இரவெல்லாம் காப்பது அந்தக் கதவுதான்.

நின்றிருக்கும் இறக்கைகளுக்கும் ஒரு மொழி உண்டு. கூட்டல் குறிபோல் நேராக நின்றால் சிறிது நேர ஓய்வு, விரைவில் ஓடும். பெருக்கல் குறிபோல் சாய்வாக நின்றால் நீண்ட ஓய்வு. மேலே வரும் இறக்கை உச்சியை எட்டச் சற்று முன்னால் நின்றால் ஊரில் மகிழ்ச்சி, உச்சியைச் சற்றுக் கடந்து நின்றால் துக்கம். 2014 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பிய எம்எச்17 பயணிகள் விமானம் வீழ்த்தப்பட்டபோது நெதர்லாந்தின் காற்றாலைகள் துக்க நிலையில் நிறுத்தப்பட்டன.

பிளோக்வேர் ஆலை பாதையின் மறுகோடிப் பக்கம். நடந்தால் நுழைவாயிலிலிருந்து அரை மணி ஆகலாம், அதனால் கூட்டம் குறைவு. இரண்டு அருங்காட்சியக ஆலைகளில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதையே சொல்வோம். மற்ற ஆலைகளில் தொப்பி மட்டும் திரும்பும், இதில் மேல் உடம்பு முழுவதுமே ஒரு தூணின் மேல் திரும்புகிறது. வடிவத்தில் இதுவே பழைய வகை. 1997ல் தீப்பிடித்து எரிந்து, திரும்பக் கட்டினார்கள். குடித்தனம், தோட்டம் எல்லாம் அருகிலேயே இருப்பதால் ஆலைக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பது நெடர்வார்ட் ஆலையை விட இங்கே தெளிவாகத் தெரிகிறது. போகும்போது நடந்து போய், திரும்பும்போது படகில் வருவது நல்ல வழி. நடக்கும்போது கரையின் உயரம் காலுக்குத் தெரியும், படகில் உட்காரும்போது நீர் மட்டம் கண்ணுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பது பிடிபடும். படகு மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் வருபவர்கள் திரும்பி நடக்கும் தூரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பெரும்பாலான ஆலைகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். துணி காய்வதும் பூந்தொட்டி இருப்பதும் காட்சிக்காக அல்ல. சின்னப் பாலத்தின் மேல் கேட் மூடியிருந்தால் அது ஒருவர் வீடு. படம் எடுக்க உள்ளே நுழைவது, ஜன்னலில் எட்டிப் பார்ப்பது எல்லாம் அவர்களுக்கு அன்றாடத் தொல்லை, தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

வந்து சேர்வதற்கு மிக நல்ல வழி தண்ணீர் வழிதான். ரோட்டர்டாமின் எராஸ்மஸ் பாலத்தருகிலிருந்து வாட்டர்பஸ் என்ற பயணிகள் படகு கோடைப் பருவத்தில் நேராக வருகிறது. மற்ற மாதங்களில் டோர்ட்ரெக்ட் போகும் படகில் ஏறி வழியில் மாற வேண்டும், இல்லாவிட்டால் பஸ். காரில் வருவதுதான் இருப்பதிலேயே சிரமம். கரையின் மேல் சாலை குறுகலானது, நுழைவாயிலருகே இடம் குறைவு. அல்பிளாசர்டாமில் நிறுத்திவிட்டு ஷட்டில் பஸ்ஸில் வாருங்கள்.

காலை 11 முதல் பிற்பகல் 3 வரை சுற்றுலா பஸ்களும் ஆற்றில் வரும் பயணக் கப்பல்களும் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கும். அப்போது நெடர்வார்ட் ஆலையின் ஏணியில் ஏறுவோரும் இறங்குவோரும் ஒருவருக்கொருவர் காத்திருக்க வேண்டிவரும். காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விட்டு, கூட்டம் வரும்போது பிளோக்வேர் பக்கம் நடந்துவிடுங்கள். அல்லது அருங்காட்சியகங்களை விட்டுவிட்டு மாலையில் வாருங்கள். பாதை மூடுவதில்லை, வெளிச்சமும் அப்போதுதான் அழகு. இறக்கைகள் சுற்றுவதைப் பார்ப்பதே நோக்கம் என்றால் மே மாத இரண்டாம் சனி, ஞாயிறில் வரும் தேசிய காற்றாலை நாட்களைக் குறிவையுங்கள். செப்டம்பரில் ஒரு வாரம் இரவில் ஆலைகளுக்கு விளக்குப் போடுகிறார்கள். அழகுதான், ஆனால் நெரிசல் அதிகம். நிழல் எங்கும் கிடையாது, காற்றுக்குத் தடுப்பும் கிடையாது. வெயிலில் தொப்பி, மற்றபடி எந்த மாதமானாலும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டை வேண்டும். குடை உதவாது, திரும்பிக்கொள்ளும். சாப்பாடு விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், தண்ணீரும் ஏதாவது தின்பண்டமும் கையில் இருக்கட்டும். சைக்கிள்காரர்களும் அதே பாதையில் வருவதால் படம் எடுக்கப் பின்னால் நகருமுன் திரும்பிப் பாருங்கள்.

ஊரைப் பார்க்காமல் காற்றாலைகளோடு திரும்புவது பெரிய நஷ்டம். கரைமேல் இருக்கும் மோலன்ஸ்ட்ராட் தெருவில் நடந்தால், சாலைப் பக்கம் ஒரு தளமாகவும் பின்பக்கம் ஒரு தளம் கூடுதலாகத் தாழ்ந்தும் இருக்கும் வீடுகளைப் பார்க்கலாம். நிலம் எவ்வளவு கீழே என்பதற்கு அந்த வீடுகளின் பின்வாசலே அளவுகோல். நோர்ட் ஆற்றங்கரை கப்பல் கட்டும் கரை. ஃபோப் ஸ்மிட் 1842ல் தொடங்கிய இழுவைக் கப்பல் நிறுவனத்தின் முதல் துடுப்புச் சக்கர நீராவிப் படகின் பெயரும் கிண்டர்டைக்தான். ஆற்றுப் படுகை தோண்டும் கப்பல்களுக்குப் பேர்போன ஐஎச்சி நிறுவனத்தின் வேர்களும் இங்கேதான். ஆறு கொண்டுவந்து போடும் வண்டலோடு மல்லுக்கட்டிய ஊரில் தூர்வாரும் கப்பல் தொழில் வளர்ந்ததில் ஆச்சரியமில்லை. 1886ல் நெதர்லாந்தின் முதல் பொது மின் நிலையங்களுள் ஒன்றும் இங்கே அமைந்தது.

1953 பிப்ரவரி வெள்ளத்தில் பாபன்ட்ரெக்டில் கரை உடைந்து அல்பிளாசர்வார்ட் மூழ்கியது. இத்தனை ஆலைகளும் நிலையங்களும் உள்ளே சேரும் நீருக்கானவை. கரை உடைந்தால் அவற்றால் எதுவும் செய்ய முடியாது. லெக் கரையின் உச்சியில் நின்று ஒரு பக்கம் ஆற்றையும் மறுபக்கம் வயலையும் ஒரே பார்வையில் பாருங்கள், எது எதை விட உயரம் என்பது அங்கேதான் புரியும். அங்கிருந்து கிரிம்பன் ஆன் டே லெக்குக்குப் படகுத்துறை இருக்கிறது. கார், சைக்கிள், ஆள் எல்லாம் ஏறலாம். சைக்கிளில் வந்தவர்கள் வந்த வழியே திரும்பாமல் அந்தப் படகில் அக்கரை போய் வடகரையோடு ரோட்டர்டாம் திரும்பினால் தூரமும் அலுக்காது. வாட்டர்பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கும்போதே கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மாலையில் அதில் ஏறக் கூட்டம் சேரும்.